பிப்ரவரியில் ஒரு கணக்கு, ஆகஸ்டில் ஒரு கணக்கு: தமிழ்நாட்டின் 2021-22 நிதியாண்டு திருத்தப்பட்ட விதம்

2021 பிப்ரவரி 23. சென்னை கலைவாணர் அரங்கத்தில் துணை முதலமைச்சரும் நிதி அமைச்சருமான ஓ. பன்னீர்செல்வம் 2021-22ஆம் ஆண்டுக்கான இடைக்கால நிதிநிலை அறிக்கையை வாசித்தார். வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது வரி முதலிய வரவைவிடச் சம்பளம் முதலிய அன்றாடச் செலவு மிஞ்சும் தொகை, 41,417.30 கோடி ரூபாய் என்றார்.

2021 ஆகஸ்ட் 13. அதே அரங்கம், அதே நிதியாண்டு. ஆட்சி மாறியிருந்தது. புதிய நிதி அமைச்சர் பழனிவேல் தியாகராஜன் திருத்திய நிதிநிலை அறிக்கையை வாசித்தார். உறுப்பினர்கள் முன்னால் இந்த முறை காகிதக் கட்டுகள் இல்லை, கணினித் திரைகள் இருந்தன. வருவாய்ப் பற்றாக்குறை 58,692.68 கோடி ரூபாய் என்றார்.

இடைவெளி ஆறு மாதம்கூட இல்லை. வித்தியாசம் 17,275 கோடி.

மாநில பட்ஜெட் என்றாலே பலருக்கு நினைவில் இருப்பது மார்ச் மாதத்து உரையும், மறுநாள் செய்தித்தாளில் வரும் "எது விலை ஏறும், எது இறங்கும்" பெட்டிச் செய்தியும்தான். அதன்பிறகு பன்னிரண்டு மாதங்கள் அந்தக் கணக்கு என்ன ஆகிறது என்று பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் எந்த மாநிலத்திலும் வாசித்த பட்ஜெட் அப்படியே ஆண்டு முடிவு வரை நிற்பது கிடையாது. நடுவே பல வாசல்கள் வழியாக அது திருத்தப்படுகிறது. சில வாசல்களில் சட்டமன்றம் நிற்கிறது, சிலவற்றில் நிற்பதில்லை. இந்த வேறுபாட்டைக் கண் முன்னால் பார்க்க 2021-22 நல்ல ஆண்டு. அந்த ஒரே ஆண்டில் ஏறத்தாழ எல்லா வாசல்களும் திறந்தன.

ஏன் இடைக்காலம்?

அரசமைப்புச் சட்டத்தின் 202ஆம் பிரிவு ஆண்டு நிதிநிலை அறிக்கையைப் பேரவையில் வைக்கச் சொல்கிறது. 203, 204 ஆகிய பிரிவுகளின்படி துறைவாரியாக மானியக் கோரிக்கைகள் வைத்து, விவாதித்து, நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேற்றினால்தான் கருவூலத்திலிருந்து பணம் எடுக்க முடியும். தேர்தல் ஆண்டில் இதற்கெல்லாம் அவகாசம் இருக்காது. ஏப்ரலில் வாக்குப்பதிவு, மே மாதம் புதிய அரசு. அதனால் 206ஆம் பிரிவு தரும் முன்பண மானியம். புதிய அரசு வந்து முழுக் கணக்கு வைக்கும் வரை சம்பளம், ஓய்வூதியம், நடக்கும் திட்டங்கள் நிற்காமல் ஓட அது போதும்.

தமிழ்நாட்டில் இது ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் வழக்கம். 2011இல் பிப்ரவரியில் க. அன்பழகன் இடைக்கால அறிக்கை வைத்தார். ஆட்சி மாறிய பின் ஆகஸ்ட் 4 அன்று பன்னீர்செல்வம் திருத்திய அறிக்கை வைத்தார். 2016இல் ஆட்சி மாறவில்லை. அப்போதும் பிப்ரவரியில் இடைக்கால அறிக்கை, ஜூலை 21இல் திருத்திய அறிக்கை, இரண்டையும் வைத்தவர் பன்னீர்செல்வமே. ஆக, "திருத்திய நிதிநிலை அறிக்கை" என்றாலே பழைய அரசின் தவறைத் திருத்துவது என்று பொருள் இல்லை. தேர்தல் காலத்தில் அரைகுறையாக விடப்பட்ட வேலையை முடிப்பதுதான் அது. 2021இல் மட்டும் இரண்டும் சேர்ந்துகொண்டன.

மாறியது எந்தப் பக்கம்?

இனி எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எனக்கு இந்தக் கதையிலேயே மிக முக்கியமான இடம் இதுதான்.

பிப்ரவரியில் வருவாய் வரவு 2,18,991.96 கோடி. ஆகஸ்டில் 2,02,495.89 கோடி. குறைந்தது 16,496 கோடி.

பிப்ரவரியில் வருவாய்ச் செலவு 2,60,409.26 கோடி. ஆகஸ்டில் 2,61,188.57 கோடி. கூடியது 779 கோடி மட்டும்.

புதிய அரசு வந்தது, புதிய வாக்குறுதிகள் வந்தன, கொரோனா இரண்டாம் அலை வந்தது, கொரோனா நிவாரணம் கொடுக்கப்பட்டது. இவ்வளவுக்கும் பிறகு வருவாய்ச் செலவு முன்பு இருந்த இடத்திலிருந்து கொஞ்சமே நகர்ந்திருக்கிறது. வருவாய்க் கணக்கின் திருத்தம் ஏறத்தாழ முழுக்க வரவுப் பக்கத்தில் நடந்தது. பற்றாக்குறை 17,000 கோடி கூடியது என்று கேட்டவர்களில் பலர் புதிய அரசின் செலவுகளால்தான் கூடியது என்று நினைத்திருப்பார்கள். அது சரியல்ல. பிப்ரவரியில் வரும் என்று எழுதப்பட்ட பணம் வராது என்று ஆகஸ்டில் ஒப்புக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

மாநிலத்தின் சொந்த வரி வருவாயை மட்டும் எடுத்தால், பிப்ரவரியில் 1,35,641.78 கோடி என்று இருந்தது ஆகஸ்டில் 1,26,644.15 கோடி ஆனது. கிட்டத்தட்ட 9,000 கோடி குறைவு. இதைப் பிப்ரவரியின் பொய் என்று சொல்ல நான் தயாராக இல்லை. பிப்ரவரியில் முதல் அலை ஓய்ந்திருந்தது. கடைவீதிகள் திறந்திருந்தன. வரி வசூல் ஏறிக்கொண்டிருந்தது. மே 10 முதல் மீண்டும் முழு ஊரடங்கு வரும் என்று அன்று எழுதியிருக்க முடியாது. ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆண்டு தொடங்கும் முன்பே நம்பிக்கையான பக்கம் சாய்ந்து வரவை எழுதுவது மாநிலங்களின் பழைய பழக்கம். வரவைக் கூட்டி எழுதினால் பற்றாக்குறை அழகாகத் தெரியும். உண்மை நிலவரம் வெளியே வரும்போது அடுத்த ஆண்டு பிறந்திருக்கும்.

நிதிப் பற்றாக்குறை, அதாவது மொத்தச் செலவில் கடன் வாங்கி நிரப்ப வேண்டிய தொகை, அந்த எண்ணில் இந்த அழுத்தம் தெரிகிறது. பிப்ரவரியில் 84,202.39 கோடி, மாநில மொத்த உற்பத்தியில் 3.94 சதவீதம். ஆகஸ்டில் 92,529.43 கோடி, 4.33 சதவீதம். அந்த ஆண்டு மாநிலங்கள் வாங்கக்கூடிய கடனுக்குப் பதினைந்தாவது நிதிக்குழு போட்ட கோடு 4 சதவீதம், மின்துறைச் சீர்திருத்தங்களைச் செய்தால் இன்னும் அரை சதவீதம். பிப்ரவரியின் எண் முதல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது, ஆகஸ்டின் எண் இரண்டாவது கோட்டுக்குக் கீழே நிற்கிறது. இரண்டையும் அவற்றின் சதவீதத்தால் வகுத்துப் பார்த்தால் மாநில உற்பத்தி இரு முறையும் சுமார் 21.37 லட்சம் கோடி என்றுதான் வருகிறது. மாநில உற்பத்தியின் மதிப்பீடு மாறவில்லை, பற்றாக்குறைதான் மாறியது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். வருவாய்ப் பற்றாக்குறை 17,275 கோடி கூடியபோது நிதிப் பற்றாக்குறை 8,327 கோடிதான் கூடியது. அப்படியென்றால் மீதி சுமார் 8,950 கோடி எங்கே சரிக்கட்டப்பட்டது? கட்டுமானம், சாலை, பாசனம் போன்ற மூலதனச் செலவும், அரசு கொடுக்கும் கடனில் திரும்பி வருவது போக நிற்கும் நிகரத் தொகையும் சேர்ந்த பக்கம் அந்த அளவுக்குச் சுருங்கியது. சம்பளமும் ஓய்வூதியமும் வட்டியும் நகராத தூண்கள். வரவு குறையும்போது நகரக்கூடியது மூலதனக் கணக்குதான்.

இரண்டு தேதிகளுக்கு நடுவே

பிப்ரவரி 23க்கும் தேர்தல் தேதி அறிவிப்புக்கும் நடுவே மூன்றே நாள். அந்த மூன்று நாளில் நடந்தவற்றை விட்டுவிட்டால் கதை முழுமையாகாது. பிப்ரவரி 25 அன்று அரசு ஊழியர் ஓய்வு வயது 59இலிருந்து 60 ஆனது. 26 அன்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி கூட்டுறவு வங்கிகளில் ஆறு பவுன் வரை வைத்த நகைக்கடனும், மகளிர் சுயஉதவிக் குழுக் கடனும் தள்ளுபடி என்று பேரவையில் அறிவித்தார். அன்று மாலையே தேர்தல் ஆணையம் தேதிகளை வெளியிட்டது. அதற்கு முன்பே பிப்ரவரி 5 அன்று 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டிருந்தது. அதற்கு மட்டும் இடைக்கால அறிக்கையில் 5,000 கோடி ஒதுக்கியிருந்தார்கள்.

ஓய்வு வயதை ஓர் ஆண்டு தள்ளுவது அரசு ஊழியருக்குச் சலுகைபோலத் தெரியும். கருவூலத்தில் உட்கார்ந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியும். அந்த ஆண்டு ஓய்வு பெற வேண்டியவர்களுக்கு ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டிய பணிக்கொடை, விடுப்பு ஒப்படைப்புத் தொகை எல்லாம் அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். இதுவும் ஒரு பட்ஜெட் திருத்தம்தான். பட்ஜெட் என்ற பெயர் மட்டும் அதில் எழுதப்பட்டிருக்காது.

மே 7 அன்று மு.க. ஸ்டாலின் பதவியேற்றார். அன்றே ஐந்து ஆணைகளில் கையெழுத்திட்டார். அரிசி அட்டை வைத்திருக்கும் 2.07 கோடி குடும்பங்களுக்குக் கொரோனா நிவாரணம் 4,000 ரூபாய், அதில் முதல் தவணை 2,000 ரூபாய் மே மாதமே. அந்த ஒரு தவணைக்கு மட்டும் 4,153.39 கோடி. நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம், அதற்குப் போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுகட்ட 1,200 கோடி. ஆவின் பால் லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைப்பு.

திருத்திய பட்ஜெட் வருவதற்கு மூன்று மாதம் முன்பே செலவு தொடங்கிவிட்டது. இது முறைகேடு அல்ல. ஊரடங்கில் வேலை இழந்த குடும்பம் ஆகஸ்ட் வரை காத்திருக்க முடியாது. இப்படிப்பட்ட நேரத்துக்காகவே 267ஆம் பிரிவு எதிர்பாராச் செலவு நிதி என்ற ஒன்றை வைத்திருக்கிறது. பேரவை கூடும் முன்பு அதிலிருந்து முன்பணம் எடுக்கலாம், பிறகு பேரவையின் ஒப்புதல் பெற்று அந்த நிதியை நிரப்ப வேண்டும். ஒதுக்கீட்டுக்குள்ளேயே ஒரு கணக்குத் தலைப்பில் மிஞ்சுவதை எடுத்து இன்னொரு தலைப்பில் போடும் மறு ஒதுக்கீடும் உண்டு. அது நிதித்துறையின் கையெழுத்தோடு முடிந்துவிடும்.

ஆகஸ்ட் 9 அன்று நிதி அமைச்சர் வெள்ளை அறிக்கை ஒன்றை வெளியிட்டார். முந்தைய ஆண்டான 2020-21இன் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி, மாநில உற்பத்தியில் 3.16 சதவீதம் என்றது அது. ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்ற வரிதான் எல்லோர் வாயிலும் ஏறியது. டீக்கடையில்கூட அந்த எண்ணைப் பேசினார்கள். மாநில நிதியைப் பற்றி அவ்வளவு பேர் பேசிய வேறொரு வாரம் எனக்கு நினைவில் இல்லை. அடுத்த நான்காம் நாள் திருத்திய அறிக்கை வந்தது. அதன் மறுநாள், ஆகஸ்ட் 14 அன்று, வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கையை எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம் வைத்தார். தமிழ்நாட்டில் அதுவே முதல் முறை.

வரவு குறைகிறது என்று சொன்ன அதே உரையில் பெட்ரோல் மீதான வரியை லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைத்தார் தியாகராஜன். ஆண்டுக்கு 1,160 கோடி இழப்பு. சுயஉதவிக் குழுக்களின் கூட்டுறவுக் கடன் 2,756 கோடி தள்ளுபடி. அரசுப் பணியில் உள்ள பெண்களுக்குப் பேறுகால விடுப்பு ஒன்பது மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதம். இவற்றைச் செய்த பிறகும் செலவு 779 கோடிதான் கூடியது என்றால் வேறு இடங்களில் எவ்வளவு பிடித்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

பேரவை பார்க்காத திருத்தங்கள்

இந்த இடத்தில் ஓராண்டு பின்னால் போக வேண்டும். 2020-21இல் நடந்ததைப் பார்க்காமல் 2021-22 புரியாது.

2020-21 பட்ஜெட் வைத்தபோது வருவாய்ப் பற்றாக்குறை 21,617.64 கோடி என்று இருந்தது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு. ஏப்ரலில் மாநிலத்தின் வரி வரவு படுத்துவிட்டது. 2021 பிப்ரவரியில், வெள்ளை அறிக்கைக்கு முன்பே வந்த திருத்த மதிப்பீட்டில் (நடப்பு ஆண்டுக்குப் புதுப்பித்த கணிப்பில்) அந்தப் பற்றாக்குறை 65,994.06 கோடி ஆனது. மூன்று மடங்கு. இவ்வளவு பெரிய சரிவு நடந்தபோது என்னென்ன செய்தார்கள்?

ஏப்ரல் 27 அன்று அகவிலைப்படி உயர்வை 2021 ஜூலை வரை நிறுத்தி வைத்தார்கள். ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பணம் பெறுவதையும் நிறுத்தினார்கள். மே 4 முதல் பெட்ரோல், டீசல் வரியை மாற்றினார்கள். பெட்ரோலுக்கு 34 சதவீதம் என்று இருந்ததை 15 சதவீதமும் லிட்டருக்கு 13.02 ரூபாயும் என்றார்கள். டீசலுக்கு 25 சதவீதம் என்று இருந்ததை 11 சதவீதமும் 9.62 ரூபாயும் என்றார்கள். கச்சா எண்ணெய் விலை விழுந்தாலும் லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்பது விழாது. பெட்ரோல் விலை உடனே 3.25 ரூபாய் ஏறியது. மே 7 அன்று ஓய்வு வயது 58இலிருந்து 59. மே 21 அன்று சிக்கன ஆணை: அலுவலகச் செலவில் 20 சதவீதம் வெட்டு, விளம்பரத்தில் 25 சதவீதம், மேசை நாற்காலி வாங்குவதில் பாதி. அரசு விழாக்களில் பொன்னாடை, பூங்கொத்து, நினைவுப் பரிசு வாங்கக் கூடாது. புதிய பணியிடங்கள் இல்லை.

இவற்றில் எதற்கும் பேரவை கூடவில்லை. எல்லாமே அரசாணையும் அறிவிக்கையும். கூட்டிச் செலவழிக்கப் பேரவையின் ஒப்புதல் வேண்டும் என்று 205ஆம் பிரிவு சொல்கிறது. குறைத்துச் செலவழிக்க யாருடைய ஒப்புதலும் வேண்டாம். பேரவை ஒரு துறைக்கு நூறு ரூபாய் கொடுத்தால் அது உச்சவரம்பு, அதைத் தாண்டக் கூடாது. எண்பது ரூபாய் மட்டும் செலவழித்தால் சட்டப்படி எந்தப் பிழையும் இல்லை. ஒரு நெருக்கடியில் இந்த வசதி தேவை என்பதை நான் மறுக்கவில்லை. 2020 மே மாதத்தில் ஒவ்வொரு வெட்டுக்கும் பேரவையைக் கூட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் எது வெட்டப்பட்டது என்ற பட்டியல் பிறகாவது பேரவையின் மேசைக்கு வர வேண்டும் அல்லவா? ஒரு பள்ளிக் கட்டடத்துக்கு ஒதுக்கிய தொகை ஆண்டு நடுவே இல்லாமல் போனால், அதற்குக் கை தூக்கிய உறுப்பினருக்கே அது தெரிய வருவதில்லை. என் மனதை உறுத்துவது இதுதான்.

ஆகஸ்டுக்குப் பிறகும் நிற்கவில்லை

திருத்திய அறிக்கை வந்துவிட்டது, இனி அந்த ஆண்டுக்கு அதுதான் கணக்கு என்று நினைத்தால், அதுவும் ஒரு மாதம்கூட நிற்கவில்லை.

அகவிலைப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 13 உரையில், நிறுத்தி வைத்த உயர்வு 2022 ஏப்ரல் 1 முதல் தரப்படும் என்றார்கள். அப்படியென்றால் 2021-22 கணக்கில் அதற்கு ஒரு ரூபாய்கூட வராது. செப்டம்பர் 7 அன்று முதலமைச்சர் பேரவையில் 110ஆம் விதியின்கீழ் எழுந்து, மூன்று மாதம் முன்னதாக ஜனவரி 1 முதலே தரப்படும் என்றார். பயன் பெறுவோர் ஓய்வூதியர்களையும் சேர்த்து சுமார் 16 லட்சம் பேர். மூன்று மாதச் செலவு திடீரென்று நடப்பு ஆண்டுக்குள் வந்து விழுந்தது. செப்டம்பர் 13 அன்று, மானியக் கோரிக்கை விவாதங்கள் முடிந்த நாளில், ஐந்து பவுன் வரையிலான கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி அறிவிப்பு வந்தது. அதற்கு சுமார் 6,000 கோடி என்றார்கள்.

110ஆம் விதியின்கீழ் முதலமைச்சர் அறிக்கை படித்தால் அதன்மீது விவாதம் கிடையாது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இந்த விதியை விரும்பிப் பயன்படுத்தியிருக்கிறது. பிப்ரவரியில் பழனிசாமி நகைக்கடன் தள்ளுபடியை அறிவித்ததும் பேரவையில்தான், அதற்கும் பட்ஜெட் விவாதத்துக்கும் தொடர்பு இருக்கவில்லை. ஒரே நகைக்கடன், ஒரே ஆண்டில் இரண்டு அரசுகளால் இரண்டு முறை தள்ளுபடியாக அறிவிக்கப்பட்டது. இரண்டு முறையும் அது பட்ஜெட் உரைக்கு வெளியே நடந்தது.

நவம்பரில் சென்னையில் பெருமழை. வெள்ள நிவாரணம், சாலைச் சீரமைப்பு. ஜனவரியில் பொங்கலுக்கு 21 பொருள்கள் கொண்ட தொகுப்பு, இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு. இவையெல்லாம் சேர்ந்துதான் துணை மானியக் கோரிக்கையாகப் பேரவைக்கு வருகின்றன.

துணை மானியக் கோரிக்கையின் முன்னுரையை ஒருமுறை படித்தவர்களுக்கு அந்த வாசகம் மறக்காது. "புதுப்பணிகள், புது துணைப் பணிகள்" குறித்துப் பேரவையின் ஒப்புதலைப் பெறுவது, எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து முன்பணமாக எடுத்ததை ஈடுசெய்வது, இவைதான் நோக்கம் என்று ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சொல்வார்கள். இதில் புதுப்பணி என்பது கவனிக்க வேண்டிய சொல். பட்ஜெட் வைத்தபோது இல்லாத ஒரு புதிய செலவை, கையில் பணம் மிச்சம் இருந்தாலும், பேரவையைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. அதனால்தான் சில கோரிக்கைகளில் கோடிக்கணக்கான திட்டத்துக்கு எதிரே அடையாளத்துக்கு ஒரு சிறு தொகை மட்டும் நிற்கும். பணம் வேறு தலைப்பிலிருந்து மறு ஒதுக்கீட்டில் வந்துவிடும், பேரவையிடம் கேட்பது அனுமதியை மட்டும். முதல்முறை பார்ப்பவர்கள் அச்சுப் பிழை என்றே நினைப்பார்கள்.

நடைமுறையில் இந்த வாசலில் நடக்கும் விவாதம் குறுகியது. 2022 மார்ச் 18 அன்று அடுத்த ஆண்டின் பட்ஜெட் வந்துவிட்டது. பழைய ஆண்டின் இறுதித் துணை மானியக் கோரிக்கை அதே கூட்டத்தொடரில் சேர்ந்து வந்தது. முடியப்போகும் ஆண்டின் கணக்கைவிட, வரப்போகும் ஆண்டின் அறிவிப்புகள்மேல்தான் எல்லோருக்கும் கண்.

அலுவலகங்களில் இந்தத் திருத்தம் வேறு தாளத்தில் நடக்கிறது. ஒவ்வொரு துறைத்தலைவரும் நடப்பு ஆண்டுக்கான ஆர்.ஈ. (திருத்த மதிப்பீடு), அடுத்த ஆண்டுக்கான பி.ஈ. (பட்ஜெட் மதிப்பீடு) என்று எண்களை நிதித்துறைக்கு அனுப்ப வேண்டும். ஆண்டு முடியும் தறுவாயில் எஃப்.எம்.ஏ. எனப்படும் இறுதித் திருத்த ஒதுக்கம். எந்தத் தலைப்பில் செலவாகாது, எதை ஒப்படைக்கிறோம் என்று அப்போது சொல்ல வேண்டும். அப்புறம் மார்ச் 31. அன்று மாலை கருவூலங்களில் பட்டியல்கள் குவிவதை அந்த வேலையில் இருந்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சமர்ப்பித்தால் செலவு, இல்லாவிட்டால் அந்த ஒதுக்கீடு காலாவதி.

கணக்கு முடிந்தபோது

2022 மார்ச் 18 உரையில், 2021-22க்கான திருத்த மதிப்பீட்டில் வருவாய்ப் பற்றாக்குறை 55,272.79 கோடி என்றார் நிதி அமைச்சர். ஆண்டு முடிய இன்னும் பதின்மூன்று நாள்தான் இருந்தது.

தணிக்கைக்குப் பிறகு வந்த உண்மைக் கணக்கு என்ன தெரியுமா? 46,538 கோடி.

நான்கு எண்களையும் வரிசையாகப் பாருங்கள். பிப்ரவரியில் 41,417. ஆகஸ்டில் 58,693. மார்ச்சில் 55,273. கணக்கில் 46,538. இதை மட்டும் பார்த்தால் பிப்ரவரிதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது, ஆகஸ்ட் பயமுறுத்திவிட்டது என்று சொல்லத் தோன்றும். பேரவையிலும் வெளியிலும் அப்படிச் சொல்ல இடமும் இருக்கிறது. ஆனால் உள்ளே பிரித்துப் பார்த்தால் கதை வேறு.

வருவாய் வரவு 2,07,492 கோடியில் முடிந்தது. பிப்ரவரி சொன்னதைவிட 11,500 கோடி குறைவு, ஆகஸ்ட் சொன்னதைவிடச் சுமார் 5,000 கோடி அதிகம். வரவைப் பொறுத்தவரை ஆகஸ்டின் கணிப்பே நெருக்கமாக வந்தது. அதிலும் சொந்த வரி வருவாய் 1,22,866 கோடி. அது ஆகஸ்டின் தாழ்ந்த மதிப்பீட்டையும்கூட எட்டவில்லை. பிறகு வரவு எப்படிக் கூடியது? பெரும்பகுதி டெல்லியிலிருந்து. ஒன்றிய அரசு 2021-22இல் மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வரிப் பகிர்வாக 6.66 லட்சம் கோடி தருவதாகத்தான் தன் பட்ஜெட்டில் எழுதியிருந்தது. திருத்த மதிப்பீட்டில் அதை 7.45 லட்சம் கோடி ஆக்கியது. உண்மையில் கொடுத்தது சுமார் 8.98 லட்சம் கோடி. இதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். ஆரம்ப மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் இந்த ஒன்றிலேயே 9,000 கோடிக்கு மேல் கூடுதலாக வந்திருக்கும். பிப்ரவரி ஆரம்பத்தில் ஒன்றிய பட்ஜெட் சொன்னதற்கும் மார்ச் கடைசியில் கைக்கு வந்ததற்குமே அவ்வளவு வித்தியாசம் இருந்தது. மாநில நிதித்துறை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக மதிப்பிட்டாலும், வரவின் ஒரு பெரிய துண்டு இன்னொருவர் கையில் இருக்கிறது. சரக்கு சேவை வரி இழப்பீடும் அந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு பகுதி மானியமாகவும் ஒரு பகுதி கடனாகவும் வந்தது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

செலவுப் பக்கம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. வருவாய்ச் செலவு 2,54,030 கோடியில் முடிந்தது. ஆகஸ்ட் அறிக்கையைவிட 7,159 கோடி குறைவு. பிப்ரவரி அறிக்கையைவிடவும் குறைவு. ஆகஸ்டுக்குப் பிறகு அகவிலைப்படி மூன்று மாதம் முன்னால் வந்தது. நகைக்கடன் தள்ளுபடி வந்தது, வெள்ளம் வந்தது, பொங்கல் தொகுப்பு வந்தது, துணை மானியங்கள் வந்தன. எல்லாம் கூட்டல்கள். முடிவில் வந்ததோ கழித்தல்.

இந்திய மாநிலங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமைத் தணிக்கையாளர் ஆண்டுதோறும் சொல்லி வரும் குறை இதுதான். மூல ஒதுக்கீடே செலவாகாத துறைகள் அதற்கு மேல் துணை மானியமும் வாங்கி, கடைசி நாளில் ஒப்படைக்கின்றன, அல்லது ஒப்படைக்காமலே காலாவதியாக விடுகின்றன. மறுபுறம், சில தலைப்புகளில் ஒதுக்கியதைத் தாண்டிச் செலவாகிவிடும். அந்த மிகைச் செலவை முறைப்படுத்துவது பேரவையின் பொதுக் கணக்குக் குழு வழியாக, பல ஆண்டுகள் கழித்து. அதற்குள் அந்த அமைச்சரும் செயலாளரும் வேறெங்கோ போயிருப்பார்கள்.

7,159 கோடி செலவாகாமல் நின்றதில் எவ்வளவு சிக்கனம், எவ்வளவு தாமதம், எவ்வளவு கைவிடல் என்பதைப் பற்றாக்குறை எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. ஒதுக்கியதையும் செலவானதையும் ஒப்பிடும் ஒதுக்கக் கணக்குகளின் கனத்த தொகுதியைத் திறந்து, ஒவ்வொரு மானியக் கோரிக்கையாக, ஒவ்வொரு தலைப்பாகப் பார்த்தால்தான் தெரியும். ஐம்பதுக்கும் மேற்பட்ட கோரிக்கைகள். ஒரு விடுதி மாணவரின் உணவுப்படி செலவாகாமல் நின்றதும், ஒரு அலுவலகத்தின் மேசை வாங்காமல் நின்றதும் அந்தத் தொகுதியில் ஒரே எழுத்தளவில், ஒரே "மிச்சம்" என்ற நிரலில்தான் நிற்கின்றன. ஆகஸ்டில் பற்றாக்குறை கூடியது என்று பேரவையில் மணிக்கணக்கில் பேசினார்கள். ஆண்டு முடிவில் அது ஏன் குறைந்தது என்று அவ்வளவு நேரம் யாரும் பேசவில்லை. கூடியதற்குக் காரணம் கேட்ட அதே உரிமையோடு குறைந்ததற்கும் கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அந்தக் குறைவுக்குள் யாருக்கோ போய்ச் சேர வேண்டியிருந்த பணமும் இருந்திருக்கும்.

2022 ஜனவரி மாதச் சம்பளத்தில் அகவிலைப்படி 17 சதவீதத்திலிருந்து 31 சதவீதம் ஆனது. ஏப்ரல் 2020இல் ஓர் அரசாணையில் நிறுத்தப்பட்டு, ஆகஸ்ட் 2021இல் பட்ஜெட் உரையில் தள்ளிப்போடப்பட்டு, செப்டம்பரில் 110ஆம் விதியில் முன்னுக்கு இழுக்கப்பட்ட தொகை அது. நிறுத்தி வைத்த காலத்துக்குச் சேர வேண்டியது வரவில்லை. அந்த மிச்சம் எந்தத் திருத்திய அறிக்கையிலும் ஒரு தனி வரியாக எழுதப்படவில்லை.